லாயக்கில்லை என்ற சீட்டு

டி. எச். லாரன்ஸின் ‘கங்காரு’ நாவலை என்னிடமிருந்து இரவல் வாங்கிப் போயிருந்த நண்பர் ஒருவர், போன வாரம் அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். “படித்தேன் ஸார். பன்னிரண்டாவது அத்தியாயத்தை மட்டும் தாண்டிவிட்டேன். கதை ஆஸ்திரேலியாவில் நடக்கிறது. திடீரென்று இங்கிலாந்துக்கு ஓடி, பட்டாளத்து டாக்டர், போலீஸ், வேவு என்று பக்கம் பக்கமாகப் புலம்புகிறார். கதைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?” என்றார்.

நண்பர் சொன்னது புதிய அபிப்பிராயம் அல்ல. அந்த அத்தியாயம் நாவலோடு ஒட்டவில்லை என்று சொன்னவர்கள் அநேகம். நான் முதல் தடவை படித்தபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. கல்லூரிப் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு விட்டவன் நான். லாரன்ஸின் இங்கிலீஷை அகராதியும் கையுமாகத்தான் அந்த நாளில் படித்தேன். ஒட்டவில்லை என்று பெரியவர்கள் சொன்னால் ஒட்டவில்லை என்றே வைத்துக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் நாவலே நிற்காது என்பது என் கட்சி. அதே சமயம், அந்த அத்தியாயத்தில் லாரன்ஸ் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார் என்பதும் என் கட்சிதான். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். லாரன்ஸ் 1922-ல் சில மாதங்கள் ஆஸ்திரேலியாவில் இருந்தார். சிட்னிக்குத் தெற்கே திரூல் என்ற கடற்கரை ஊரில் உட்கார்ந்து, நாவலின் பெரும்பகுதியை ஆறு வாரங்களில் எழுதினார். புத்தகம் 1923-ல் வெளிவந்தது. சோமர்ஸ் என்ற இங்கிலீஷ் எழுத்தாளனும் அவன் மனைவி ஹாரியட்டும் ஆஸ்திரேலியாவுக்கு வருகிறார்கள். யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களைச் சேர்த்துக்கொண்டு நாட்டைப் பிடிக்கத் திட்டம் போடும் ஒரு தலைவர் அங்கே இருக்கிறார். கூலி என்பது அவர் பெயர். ‘கங்காரு’ என்பது பட்டப் பெயர். சோமர்ஸைத் தம் கூட்டத்தில் சேர்க்க அவர் பிரயாசைப்படுகிறார். எதிர்க்கட்சியான சோஷலிஸ்டுகளும் அவனைக் கூப்பிடுகிறார்கள். சோமர்ஸ் இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்கிறான். இரண்டு பக்கமும் சேராமல் கடைசியில் கப்பல் ஏறிவிடுகிறான்.

இதன் நடுவே, கங்காருவோடு ஒரு மோதல் நடந்து சோமர்ஸின் மனசில் பழைய பயம் ஒன்று கிளம்புகிற இடத்தில், ‘கொடுங்கனவு’ என்ற அந்தப் பன்னிரண்டாவது அத்தியாயம் வருகிறது. 1914-லிருந்து 1918 வரை நடந்த யுத்த காலத்து இங்கிலாந்தைப் பற்றியது அது.

பிரிட்டனில் அதுவரை கட்டாய ராணுவ சேவை கிடையாது. இஷ்டப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். சாவு அதிகமாகி ஆள் போதாமல் போகவே, 1916 ஜனவரியில் சட்டம் வந்தது. முதலில் 18 வயதிலிருந்து 41 வயதுக்குள்ளிருந்த கல்யாணமாகாத ஆண்கள். மே மாதத்தில் கல்யாணமானவர்களும். லாரன்ஸுக்கு அப்போது வயது முப்பது. 1911-ல் கடுமையான நிமோனியா வந்து, வாத்தியார் வேலையையே விட்டவர். நெஞ்சு ஒருபோதும் சரியாக இருந்ததில்லை. போதாக்குறைக்கு மனைவி பிரீடா ஜெர்மானியப் பெண்.

அவரை மூன்று தடவை கூப்பிட்டுச் சோதித்தார்கள். 1916 ஜூனிலும் 1917 ஜூனிலும் கார்ன்வாலில் உள்ள பாட்மின் என்ற ஊரில். 1918 செப்டம்பரில் டெர்பியில். முதல் தடவை விலக்குக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். விலக்குக் கொடுத்தவனை மறுபடி ஏன் கூப்பிட வேண்டும் என்று கேட்கலாம். அதற்காகவே 1917-ல் தனியாக ஒரு சட்டம் போட்டார்கள். முன்பு வேண்டாம் என்று அனுப்பியவர்களையெல்லாம் மறுபடி வரவழைத்துப் பார்க்கலாம் என்பது அந்தச் சட்டம். ஆள் தட்டுப்பாடு ஏற ஏற, உடம்பு லாயக்கா இல்லையா என்பதன் அளவுகோலும் இறங்கிக்கொண்டே வந்தது. நோய் குறைந்ததால் ஒருவனும் லாயக்காகவில்லை. யுத்தத்தின் பசி ஏறியதால் லாயக்கானார்கள். இந்த விஷயத்தைச் சரித்திரப் புத்தகங்களிலும் படிக்கலாம். ஆனால் ஒரே மனிதன் மூன்று தடவை சட்டையைக் கழற்றி நிற்பதைப் பார்க்கும்போது புரிவது வேறு மாதிரி.

நாவலில் சோமர்ஸும் அப்படித்தான் மூன்று தடவை போகிறான். முதல் தடவை முன்பின் தெரியாத ஆட்களோடு வரிசையில் நடத்திக்கொண்டு போய், ஒரு ராத்திரி பட்டாளக் கொட்டடியில் படுக்கவைத்து, காலையில் சோதிக்கிறார்கள். இரண்டாவது தடவை, சண்டைக்கு ஆகாது, வேறு வேலைக்கு ஆகலாம் என்கிறார்கள். அந்த அக்டோபரில் போலீஸ் வீட்டைச் சோதனை போட்டு, மூன்று நாளில் கார்ன்வாலை விட்டுப் போகச் சொல்கிறது. மூன்றாவது சோதனைதான் எல்லாவற்றிலும் மோசம். அரைகுறை ஆடையில் நிற்கவைத்து, குனியச் சொல்லி, சந்தையில் மாடு பிடித்துப் பார்ப்பவன் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள், தமக்குள் சிரித்துக்கொள்கிறார்கள். இனிமேல் எந்த மனிதனும் தன்மேல் கை வைக்க விடுவதில்லை என்று சோமர்ஸ் சபதம் செய்துகொள்கிறான்.

நாவலுக்கும் அத்தியாயத்துக்கும் உள்ள சம்பந்தம் இந்தச் சபதத்தில்தான் இருக்கிறது. கங்காரு சோமர்ஸிடம் பணமோ, பேனாவோ கேட்கவில்லை, அன்பைக் கேட்கிறார். என்னை நேசி, என்னோடு சேர் என்கிறார். குண்டடி பட்டுச் சாகக் கிடக்கும்போதும், என்னை நேசிப்பதாக ஒரு வார்த்தை சொல் என்று கெஞ்சுகிறார். சோமர்ஸால் சொல்ல முடியவில்லை. சாகிறவனுக்கு ஒரு பொய் சொன்னால் என்ன, இவ்வளவு கல்நெஞ்சமா என்று வாசகனுக்குத் தோன்றும். பன்னிரண்டாவது அத்தியாயத்தைத் தாண்டிப் போனவருக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். படித்தவருக்கு விஷயம் தெரியும். நாட்டின் பெயரைச் சொல்லி ஒரு கூட்டம் அவன் உடம்பில் கை வைத்தாகிவிட்டது. இன்னொரு கூட்டம் அன்பின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து தொட்டாலும் அவன் உடம்பு சுருங்கிக்கொள்கிறது. அது கொள்கை அல்ல, தழும்பு. தழும்பைக் காட்டாமல் நொண்டுவதை மட்டும் காட்டியிருந்தால் நாவல் பொய்யாகியிருக்கும். இதனால்தான் அத்தியாயம் ஒட்டவில்லை என்ற விமரிசனத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை.

இனி இரண்டாவது விஷயம். உடம்பு சரியில்லை என்று தள்ளப்பட்டவனுக்கு அந்த யுத்த கால இங்கிலாந்தில் என்ன அந்தஸ்து இருந்தது? ஏ, பி, ஸி என்று உடம்புகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருந்தார்கள். 1917 கடைசியில் அது ஒன்று முதல் நான்கு வரை தரங்களாக மாறியது. ‘ஸி-3’ என்பது வைத்தியக் குறிப்பாக இருந்து, நாளடைவில் தெருவில் வழங்கும் வசைச்சொல்லாகிவிட்டது. பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜே 1918 செப்டம்பரில் மான்செஸ்டரில் பேசும்போது, முதல் தர சாம்ராஜ்யத்தை ஸி-3 ஜனங்களை வைத்துக்கொண்டு நடத்த முடியாது என்ற பொருள்படப் பேசினார். அதே மாதத்தில்தான் லாரன்ஸ் டெர்பியில் நின்றார்.

தெருவிலும் பிழைப்பில்லை. 1914 ஆகஸ்டில் போக்ஸ்டன் நகரில் பென்ரோஸ் பிட்ஸ்ஜெரால்டு என்ற ஓய்வுபெற்ற அட்மிரல் முப்பது பெண்களைச் சேர்த்து, யூனிபாரம் போடாத ஆண்கள் கையில் வெள்ளை இறகு கொடுக்கச் செய்தார். கோழை என்பதற்கு அது அடையாளம். அந்த வழக்கம் ஊர் ஊராகப் பரவிற்று. பட்டாளத்தில் சேர்ந்து, காயத்தாலோ நோயாலோ திரும்பியவர்களைக் காப்பாற்ற 1916 செப்டம்பரிலிருந்து சர்க்கார் வெள்ளிச் சின்னம் ஒன்று கொடுத்தது, கோட்டில் குத்திக்கொள்ளலாம். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு இருந்தது சட்டைப்பையில் மடித்து வைத்த ஒரு சீட்டுத்தான். நெஞ்சுக்குள் இருக்கும் நோய் தெருவில் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாது. சீட்டை எடுத்து நீட்டினால் ஒரு அவமானம். நீட்டாவிட்டால் இன்னொரு அவமானம்.

வெளியிலிருந்து வரும் இந்த அவமானத்தை லாரன்ஸ் அற்புதமாக எழுதியிருக்கிறார். ஆனால் உள்ளே இருந்து வரும் ஒன்று உண்டு. அதுதான் நிம்மதி. தப்பித்தோம் என்ற நிம்மதி. நம்மோடு வரிசையில் நின்றவன் போகிறான், நாம் வீட்டுக்குப் போகிறோம் என்ற நிம்மதி. அது வந்த உடனே, ‘சே, நீயும் ஒரு மனிதனா?’ என்ற கேள்வியும் கூடவே வருகிறது. லாரன்ஸின் அத்தியாயத்தில் நிம்மதி வந்த வேகத்திலேயே போய்விடுகிறது. பக்கங்களை நிரப்புவது கோபம். கோபம் நியாயமானதுதான், ஆனாலும் அதற்கு அடியில் வேறொன்றை மூடி வைத்திருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம்.

மூடாமல் எழுதியவர் ஒருவர் இருக்கிறார். ஜப்பானிய ஆசிரியர் யுகியோ மிஷிமா. 1949-ல் வெளிவந்த அவருடைய ‘முகமூடியின் வாக்குமூலம்’ என்ற நாவலில் இரண்டு பரிசோதனைகள் வருகின்றன. கதை சொல்லுகிறவன் நகரத்துப் பையன், மெலிந்தவன். தகப்பனார் ஒரு யுக்தி சொல்கிறார். டோக்கியோவில் சோதனைக்குப் போனால் இவனைப்போல மெலிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பூர்வீகக் கிராமத்தில் போய் நின்றால், விவசாயிப் பையன்கள் நடுவே இவன் பலவீனம் பளிச்சென்று தெரியும் என்கிறார். அவன் போகிறான். அங்கே அரிசி மூட்டையைத் தூக்கச் சொல்கிறார்கள். மற்றப் பையன்கள் அநாயாசமாகத் தூக்குகிற மூட்டையை இவனால் மார்பு வரைகூடக் கொண்டுவர முடியவில்லை. அப்படியும் தள்ளிவிடவில்லை, கீழ்த் தரம் ஒன்றைக் கொடுத்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

பிறகு யுத்தம் முற்றிய சமயத்தில் கட்டளை வருகிறது. புறப்படும்போது சளியும் காய்ச்சலும். பட்டாள டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து க்ஷயரோகம் என்று நினைக்கிறார். பையன் கூசாமல் பொய் சொல்கிறான்: மாதக் கணக்காகக் காய்ச்சல், ராத்திரியில் வியர்வை, சளியில் ரத்தம். அன்றைக்கே வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறார்கள். வாசலைத் தாண்டினதும் சரிவில் ஓட்டமாக ஓடுகிறான்.

மிஷிமாவின் சொந்த வாழ்க்கையிலும் இது நடந்தது. 1945 பிப்ரவரியில், அவருக்கு இருபது வயது. டாக்டர் தவறாகக் கணித்து அவரை அனுப்பிவிட்டார்.

ஓடினதோடு மிஷிமா நிறுத்திக்கொண்டிருந்தால் அது சாதாரண சம்பவம். அவர் கதாநாயகன் யுத்தத்தில் சாக வேண்டும் என்று அதுவரை கனவு கண்டவன். அழகான சாவு வரும் என்று காத்திருந்தவன். சாவு கையெட்டும் தூரத்தில் வந்தபோது பொய் சொல்லிவிட்டு ஓடுகிறான். ஓடிக்கொண்டே, ஏன் பொய் சொன்னேன், ஏன் ஓடுகிறேன் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். டாக்டரைத் திட்டவில்லை, சர்க்காரைத் திட்டவில்லை. தன் கால்கள் ஓடினதை மட்டும் பார்க்கிறான். எழுத்தாளனுக்கு இதைவிடக் கஷ்டமான காரியம் இல்லை. நம்மை அவமானப்படுத்தினவனைப் பற்றி எழுதுவது சுலபம். அந்த அவமானத்தில் நமக்குக் கிடைத்த லாபத்தைப் பற்றி எழுதத் தைரியம் வேண்டும்.

ஆனால் மிஷிமா அந்தத் தைரியத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் உடம்பை இரும்பாக்கிக்கொண்டு, சொந்தமாக ஒரு சிறு படையும் திரட்டினார். 1970 நவம்பர் 25-ந் தேதி டோக்கியோவில் ராணுவ முகாம் ஒன்றில் சிப்பாய்களிடம் பேசிவிட்டு வயிற்றைக் கிழித்துக்கொண்டார். இருபது வயதில் ஓடின கால்களுக்கு நாற்பத்தைந்து வயதில் தண்டனை கொடுத்தார் என்று சிலர் சொல்லலாம். ஒரு மனிதனின் சாவுக்கு ஒரே காரணம் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் அந்த நாவலை எழுதின இருபத்துநாலு வயதுப் பையன், அந்த நாற்பத்தைந்து வயதுக்காரரைவிட உண்மையானவன் என்பது என் அபிப்பிராயம்.

இதில் எனக்கென்ன இவ்வளவு அக்கறை என்று வாசகர் கேட்கலாம். சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் கட்டாய ராணுவ சேவை கிடையாது. இரண்டாவது உலக யுத்தத்தில்கூட இந்தியப் பட்டாளம் தாமாகச் சேர்ந்தவர்களைக் கொண்டதுதான். எனக்கு நேர்ந்ததை லாரன்ஸுக்கு நேர்ந்ததோடு ஒப்பிடுவது அழகல்ல. ஆனாலும் அளவில் சின்னதாக ஒன்று நேர்ந்தது. கார்கில் யுத்தம் நடந்த 1999-ல் எனக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியை விட்டிருந்தேன். எங்கள் ஜில்லாவில் ஆள் எடுத்தார்கள். தெருப் பையன்கள் நாலைந்து பேரோடு நானும் போய் வெயிலில் நின்றேன். ஓட்டத்தில் தேறினேன். மார்பு அளக்கும்போது, மூச்சை இழுத்தால் ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்றார்கள். எனக்கு விரியவில்லை. “போப்பா” என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பி வந்து, அரை சென்டிமீட்டரில் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அதைக் குடித்தேன். வாஸ்தவத்தில், அந்த மைதானத்தில் டேப்பைச் சுற்றின போது நான் மூச்சை முழுசாக இழுத்தேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முழுசாக இழுத்தேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. என்னோடு வந்தவர்களில் ஒருவன் தேறிப் போனான். அவன் லீவில் வரும்போதெல்லாம் நான் வேறு தெருவழியாகப் போவேன். அவன் என்னை ஒன்றும் சொன்னதில்லை.

மிஷிமாவின் பக்கங்களைப் படித்தபோதுதான் இதற்கு ஒரு பெயர் கிடைத்தமாதிரி இருந்தது. லாரன்ஸைப் படித்தபோது அந்த அளவுக்கு நெஞ்சைத் தொடவில்லை. யாரையாவது திட்ட வேண்டும்போல் மட்டும் இருந்தது. நான் திட்டுவதற்கு யாரும் இல்லை.

இவ்வளவு சொன்னபிறகு லாரன்ஸுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். மிஷிமா தன் கால்களை மட்டும் பார்த்தார். அந்த டாக்டரையும் அவர் மேஜையையும் அந்த மேஜைக்குப் பின்னால் இருந்த ராஜாங்கத்தையும் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு மனிதன் லாயக்கா இல்லையா என்று சொல்ல நீ யார் என்று கேட்டவர் லாரன்ஸ். அவர் நெஞ்சில் இருந்தது க்ஷயரோகம் என்று 1925-ல் மெக்ஸிகோவில் நிச்சயப்பட்டது. 1930-ல் நாற்பத்துநாலு வயதில் செத்தும் போனார். டெர்பி மேஜையில் இருந்தவர்கள் அவருக்குக் கொடுத்தது மூன்றாம் தரம். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஆகும் என்று அர்த்தம். லாரன்ஸின் கோபத்தில் உள்ள உண்மைக்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

ஆனால் அவர் கோபத்துக்கு ஒரு குறை உண்டு. டெர்பி வரிசையில் சுரங்கத் தொழிலாளி மாதிரியான ஒருவரை சோமர்ஸ் கொஞ்சம் பார்க்கிறான். பிறகு தன் கோபத்துக்குள்ளேயே திரும்பிப் போய்விடுகிறான். கடைசியில் டாக்டர்கள், போலீஸ், ஜனங்கள், தேசம் எல்லாம் ஒரே கும்பலாக அவன் கண்ணுக்குத் தெரிகிறது. எல்லோரையும் வெறுத்துவிட்டுக் கப்பல் ஏறுகிறான். லாரன்ஸே சுரங்கத் தொழிலாளியின் மகன். அந்த வரிசையில் நின்ற உடம்புகளை அவரைப்போல் அறிந்த எழுத்தாளர் அந்தத் தலைமுறையில் வேறு யார் இருந்தார்கள்?

யுத்தத்தின் கடைசி ஒரு வருஷத்தில் அந்த நாட்டில் சுமார் 24 லட்சம் பரிசோதனைகள் நடந்தன. நூற்றுக்கு 36 பேர்தான் முதல் தரம். நூற்றுக்குப் பத்துப் பேர் எதற்குமே ஆகாத நான்காம் தரம். பாக்கிப் பேர் நடுவிலே. திடமான ஆட்களில் எத்தனையோ பேர் முன்பே பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும் ஆலையிலும் சுரங்கத்திலும் பிள்ளைப் பிராயத்திலிருந்து தேய்ந்த உடம்புகள் அவை. அதுவரை அவற்றை ஏறெடுத்துப் பார்க்காத சர்க்கார், துப்பாக்கி தூக்க ஆள் வேண்டியிருந்தபோது வரிசையாக நிறுத்திப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று அலுத்துக்கொண்டது. லாயக்கில்லை என்ற சீட்டை உண்மையில் யாருக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று கேட்க லாரன்ஸுக்குத் தெரியும். தனக்காகக் கேட்டார், பக்கத்தில் நின்றவனுக்காகக் கேட்கவில்லை.

மிஷிமாவின் கால்களையும் லாரன்ஸின் கேள்வியையும் வரிசையில் பக்கத்தில் நின்றவனையும் சேர்த்து ஒரே புத்தகத்தில் வைத்தவர்களை நான் இன்னும் படிக்கவில்லை. அப்படி ஒருவர் எழுதினால் லாரன்ஸைவிடப் பெரிய எழுத்தாளராக அவர் இருக்க வேண்டும் என்பதில்லை. அவரைவிடக் கொஞ்சம் குறைவாகத் தன்னை நேசிப்பவராக இருந்தால் போதும்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி ஸார், அந்த அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டுத் தருகிறேன்” என்று புத்தகத்தை மறுபடி எடுத்துக்கொண்டு போனார். அந்த அத்தியாயத்தை மட்டும் படிக்கக் கூடாது, முழு நாவலையும் இன்னொரு தடவை படிக்க வேண்டும் என்று அவருக்கு இந்தப் பக்கங்கள் வழியாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.